வேலைக்களத்தில் தொடங்கிய பேச்சு



விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. அன்று எப்படியோ கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். மடியில் ஒரு தூக்குவாளி, காலடியில் துணிப்பை. நான் வழக்கம்போல் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். ஆமத்தூர் தாண்டியதும் அவராகவே பேசத் தொடங்கினார். தம்பி பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தாராம். உராய்வில் தீப்பற்றி, கையும் மார்பும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்குத்தான் கஞ்சி எடுத்துப் போவதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா, உங்கள் சாமி கேட்குமா என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நான் செபிக்கிறேன் என்று சொன்னேன். அதற்குள் திருத்தங்கல் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். இரவு அந்தத் தம்பிக்காக மன்றாட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஒரு நல்ல வாக்கியத்தைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முன்பின் தெரியாதவர்களிடம் நம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில் நாம் இரண்டு வகையாக இருக்கிறோம். சிலர் பேருந்தில் ஏறியதுமே துண்டுப் பிரசுரத்தை நீட்டிவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அதெல்லாம் சாமியாருக்கும் கன்னியருக்கும் உரிய வேலை என்று வாய் மூடிக்கொள்கிறோம். என்னைப் போன்றவர்கள் நடுவில் நின்று, ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்த வாரம் முழுவதும் என் நினைவில் நின்றவர் புனித தேவசகாயம். அவர் சிந்திய இரத்தத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் வாழ்வு ஒரு பேச்சில் தொடங்கியது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே போகும் நம் நெடுஞ்சாலை, கோவில்பட்டி, நெல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நுழையும் மலைக் கணவாய்தான் ஆரல்வாய்மொழி. காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருக்கும் இடம். அங்குள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனவரி 14 அவருடைய நினைவு நாள். பொங்கல் வேலைகளுக்கு நடுவிலும் நம் பக்கத்திலிருந்து அங்கே போய் வருகிறவர்கள் உண்டு.

அவர் பிறந்தது 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், நட்டாலம் என்ற ஊரில். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அன்று திருவிதாங்கூர் நாடு. பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மா. வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். மொழிகளும் கற்றார், போர்க்கலையும் பயின்றார். மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் நீலகண்டசாமி கோயிலில் அலுவலராக இருந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். சொத்து, பதவி, குலப்பெருமை, நல்ல மனைவி எல்லாம் இருந்தன. தெய்வ பக்தியும் இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மனம் மாறியவர்களின் கதையைச் சொல்லும்போது, முன்பு அவர்கள் இருளில் தட்டுத்தடுமாறினார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நீலகண்டன் தம் கடமைகளை ஒழுங்காகச் செய்து வாழ்ந்த மனிதர்.

இனி அந்த இன்னொரு மனிதர். பெயர் யூஸ்தாகியுஸ் டிலனாய். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படையில் அலுவலராக வந்தவர். 1741 ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. டிலனாய் சிறைப்பட்டார். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கவும் கோட்டைகளைக் கட்டவும் அவரைப் பயன்படுத்திக்கொண்டார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. அவர் வேலை பார்த்த டச்சு நிறுவனம் புரட்டஸ்தாந்து நாட்டுடையது. அவரோ கத்தோலிக்கர்.

கோட்டை வேலையின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பொறுப்பு நீலகண்டனிடம் இருந்தது. இருவரும் பழகியது அங்கேதான். கல்லும் சுண்ணாம்பும் கூலிக் கணக்குமாக இருந்த ஒரு வேலைக்களம் அது. ஒருவர் மன்னருக்கு வேண்டிய அலுவலர். இன்னொருவர் தோற்றுப்போன படையைச் சேர்ந்த அந்நியர், சொந்த நாட்டுக்குத் திரும்பும் வழி இல்லாதவர். இவர் அவருக்குப் போதிக்கப் போனார் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிலையிலும் அவர் இல்லை.

அந்தக் காலத்தில்தான் நீலகண்டன் வீட்டில் துன்பம் தொடங்கியது. கால்நடைகள் மாண்டன. பயிர்கள் அழிந்தன. சொத்து கரைந்தது. ஏன் எனக்கு இப்படி என்ற கேள்வி அவரை அரித்தது. முகம் வாடியிருப்பதைக் கண்டு டிலனாய் காரணம் கேட்டார். நீலகண்டன் மனம் திறந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகு டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார்.

எத்தனையோ பகுதிகள் விவிலியத்தில் இருக்க, அவர் யோபுவை எடுத்ததை நினைத்துப் பாருங்கள். யோபு நூலை ஒரு முறையாவது முழுதாக வாசித்தவர்களுக்குத் தெரியும். அது துன்பத்துக்கு விடை சொல்லும் நூல் அல்ல. மாடுகளும் ஒட்டகங்களும் போய், பிள்ளைகளும் போய், சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கடவுளோடு வாதாடும் நூல். ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களும் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ தவறு செய்திருப்பாய், அதனால்தான் இது என்றார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அந்த விளக்கம் சொன்னவர்களைத்தான், முறையிட்ட யோபுவை அல்ல.

நம் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் பாடம் அல்ல. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை யார் மறக்க முடியும்? ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்களில் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற ஓடியவர்கள் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். அதற்கு முன்னும் விபத்துகள் நடந்தன, பின்னும் நடந்திருக்கின்றன. அந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போன நாம் என்ன பேசினோம்? இது கடவுள் சித்தம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தின் பாவம் என்று முணுமுணுத்தவர்களும் இருக்கிறார்கள். மணிமருந்து வெடித்ததற்குப் பாவம் காரணமா? அளவுக்கு மேல் இருப்பு வைத்ததும், வெயில் ஏறிய பிறகும் கலவை வேலை நடந்ததும், கூட்டமாக ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்ததும் காரணமாக இருக்கக் கூடாதா? யோபுவின் நண்பர்கள் இன்றும் நம் தெருக்களில் நடமாடுகிறார்கள்.

டிலனாய் அப்படிப் பேசவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, நீலகண்டன் மறுபடியும் அவரைத் தேடிப் போனார் என்பதுதான். மனம் நொந்தவர், தம்மைக் குற்றவாளி ஆக்கியவரிடம் இரண்டாம் முறை போகமாட்டார். பேச்சு ஒரே நாளில் முடியவில்லை. யோபுவில் தொடங்கியது கிறிஸ்துவின் பாடுகள் வரை போயிற்று. நீலகண்டன் கேள்விகள் கேட்டார். கடைசியில் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று அவரே கேட்டார்.

அது எளிதான காரியமாக இருக்கவில்லை. அரச அலுவலர் ஒருவர் மறை மாறினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே டிலனாய் அவரை நாட்டு எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. இத்தாலியரான அந்தக் குருவும் அவசரப்படவில்லை. வந்தவரின் உறுதியைச் சோதித்து, மறைக்கல்வி கொடுத்து, 1745 மே 14ஆம் நாள் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் உதவி என்று பொருள்.

ஒரு பேச்சால் விசுவாசத்துக்கு வந்தவர், வந்த பிறகு பேசாமல் இருப்பாரா? முதலில் மனைவியிடம் பேசினார். பார்கவி அம்மாள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு உறவினர்களைப் பற்றிய பயம் இருந்தது, அது நியாயமான பயமும்கூட. காலம் எடுத்துக்கொண்டு, பிறகு அவரும் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். அதன்பின் தேவசகாயம் உடன் வேலை பார்த்தவர்களிடமும் படைவீரர்களிடமும் பேசினார். அவருடைய பேச்சைக் கேட்டுக் கிறிஸ்துவை ஏற்றவர்கள் இருந்தார்கள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. அவர் யாரோடு பேசினார் என்பதையும் ஊர் கவனித்தது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார், உட்கார்ந்தார், உண்டார். தீண்டாமையும் தூரம் காக்கும் வழக்கமும் கடுமையாக இருந்த 18ஆம் நூற்றாண்டில் அது சின்ன விஷயம் அல்ல. சமமாக உட்காராமல் ஒருவரோடு உண்மையாகப் பேச முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். பல ஆண்டுகள் அவருடைய பெயரோடு நாம் சாதிப் பட்டத்தைச் சேர்த்தே எழுதி வந்தோம். புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது தேவசகாயம் என்ற பெயர் மட்டும் நின்றது. அதை முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1749 பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார். அரசுக்கும் அதன் தெய்வங்களுக்கும் எதிரானவர் என்ற பழி விழுந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளின் துன்பங்கள் நம் ஆலயங்களில் பாடலாகவும் நாடகமாகவும் சொல்லப்படுகின்றன. எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமைமேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்தார்கள். காயத்தில் மிளகாய் பூசினார்கள். பார்ப்பவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் ஊர்வலம். ஆனால் எதிர்பார்த்ததற்கு மாறாக, அவரை அதுவரை அறியாத ஊர்களெல்லாம் அறிந்துகொண்டன. யார் இவர், என்ன செய்தார் என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தால் தவித்தபோது, முழங்கை பட்ட பாறையில் நீர் சுரந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். முட்டிடிச்சான்பாறை என்று அந்த இடத்தை இன்றும் சென்று வணங்குகிறார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரைச் சங்கிலியால் கட்டிவைத்தார்கள். வெயிலும் மழையும் அவர்மேல்தான். அங்கே மாதக்கணக்கில் இருந்தார்.

இந்தப் பெருவிளைக் காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. விசுவாசத்தை எடுத்துச் சொல்வது என்றாலே புறப்பட்டுப் போவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படிப் போனவர்கள் நம் மண்ணிலும் உண்டு. ராக்லாண்டு என்ற ஆங்கிலிக்கன் குரு கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெரிய தேர்ச்சி பெற்றவர். 1854 முதல் நம் கரிசல் காட்டுக் கிராமங்களில் கூடாரம் அடித்துத் தங்கி, தோழர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1858 அக்டோபர் 22ஆம் நாள், 43ஆம் வயதில், சிவகாசியிலேயே இறந்தார். அன்று சிவகாசியில் தீப்பெட்டியும் கிடையாது, பட்டாசும் கிடையாது. நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்றாலும், நம் ஊர்ப் புழுதியில் நடந்து உயிர் விட்ட அவரை மரியாதையோடு நினைக்கிறேன்.

தேவசகாயமோ எங்கேயும் போக முடியாதவர். அவரைக் கட்டிய சங்கிலி எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவுதான் அவருடைய உலகம். ஆனாலும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நோயாளிகள் வந்தார்கள், அந்த வேப்பிலையைக் கொண்டுபோனார்கள். பிள்ளை இல்லாத சேவகர் ஒருவருக்காக அவர் மன்றாடினார், அவருக்குப் பிள்ளை பிறந்தது என்பது மரபு. காவலுக்கு நின்றவர்களே அவரை மதிக்கத் தொடங்கினார்கள். அவர் அவர்களை எதிரிகளாக நடத்தவில்லை. தம்மை அடித்த கையை உடையவரின் வீட்டுக் கவலையை அவர் அறிந்திருந்தார், அதற்காகச் செபித்தார். அந்த நிலையில் எனக்கு என் காயத்தைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருந்திருக்காது.

அவரைப் பார்க்க வரும் கூட்டம் பெருகியது. கடைசியில் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் மக்கள் வந்தார்கள். இனி விட்டுவைக்க முடியாது என்று முடிவாயிற்று. 1752 ஜனவரி 14ஆம் நாள் இரவு, காற்றாடிமலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். நடக்கவும் இயலாத அவரை வீரர்கள் தூக்கிச் சென்றார்கள் என்றும், செபிக்கச் சிறிது நேரம் கேட்டார் என்றும் சொல்வார்கள். அவருக்கு வயது 39. உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். சில நாள்களுக்குப் பிறகு கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

ஞானப்பூ அம்மாள் சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் வாழ்ந்து, அங்கேயே இறந்தார். அவரைப் பற்றி நமக்குப் போதுமான கதைகள் இல்லை என்பது எனக்குக் குறையாகவே இருக்கிறது. அவர் இழந்ததும் கொஞ்சம் அல்ல.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. முதலிப்பட்டி விபத்து நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. 2022 மே 15ஆம் நாள் வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். குருத்துவமோ துறவறமோ இல்லாமல், கணக்கு எழுதும் வேலை பார்த்து, குடும்பம் நடத்தியவர்.

டிலனாய் என்ன ஆனார் என்று சிலர் கேட்பதுண்டு. அவர் மன்னரின் படையிலேயே பணிபுரிந்தார். நண்பரைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. தாம் தொடங்கிய ஒரு பேச்சு காற்றாடிமலையில் போய் முடிந்ததை அவர் எப்படித் தாங்கினாரோ, ஆண்டவருக்கே தெரியும். அதன்பின் 25 ஆண்டுகள் வாழ்ந்து 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள், இன்று கூரையில்லாமல் நிற்கும் சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் தமிழும் இலத்தீனும் பொறித்திருக்கிறார்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து, மான்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரு மனிதர்கள் கூலிக் கணக்குக்கு இடையே யோபுவைப் பற்றிப் பேசிய இடம் அது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்தப் பெண்ணை நான் மறுபடி பார்த்தேன். மூன்று வாரம் கழித்து, அதே பேருந்தில், அதே தூக்குவாளியோடு நின்றுகொண்டு வந்தார். இந்த முறை நான் எழுந்து இடம் கொடுத்தேன். தம்பி பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். பிறகு நிறுத்தவே இல்லை. தம்பி சின்ன வயதில் குளத்தில் விழுந்தது, அவனைப் படிக்க வைக்க முடியாமல் போனது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தது, கை விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டர் சொல்லாமல் இருப்பது எல்லாவற்றையும் சொன்னார். திருத்தங்கலில் நான் இறங்கவில்லை. சிவகாசி வரை போனேன். பேருந்து நிலையத்தில் கூட்டம் இறங்கும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவர் என் கையைப் பார்த்து, அந்த மணிமாலையை வைத்துக்கொண்டு தினமும் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.